எங்கள் கானுக்குக் கீழே எடுத்த சேறு

தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, டீச்சரின் கணவர் பாறூக் நானா அவர்களே, மாத்தளையின் எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே!

நம்மைவிட்டு மறைந்த மர்ஹூமா நஸ்மியா டீச்சரைப் புகழ நான் யார்? அவர் பெயரைக் கேட்டாலே ஒரு காலத்தில் பல்லைக் கடித்தவன் நான்!

சுது கங்கையின் சேற்றை அள்ளிக் காயவைத்து, சலித்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தவர் எங்கள் விஞ்ஞான ஆசிரியை. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள் ஆற்றின் அடியில் படிகின்றன என்று நமக்குச் சொன்னவர். மூன்று வருடங்களுக்கு முன் இதே மண்டபத்தில், சேற்றில் நீலச் செயற்கை நூல்கள் கிடக்கின்றன, விளையாட்டுச் சட்டை தைக்கும் பட்டறையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றார். அப்படி நீலச் சட்டை தைக்கிற பட்டறை எது? என்னுடையது! இரண்டு பாடசாலைகள் ஓடரை நிறுத்தின. என் வீட்டில் அழாத ஆள் இல்லை.

நான்கு மாதம் கழித்து அவரே பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"இந்திரகுமார் அண்ணன், அது என்ட நீல முக்காட்டுலருந்து உதிர்ந்த நூல். பக்கத்துல சுத்தமான தண்ணி ஊத்தின கிண்ணமொன்டு வெச்சுப் பாத்திருக்கணும். இப்பதான் வெச்சேன். அதுலயும் அதே நீல நூல் விழுந்து கெடக்கு. ஊருக்கு முன்னால ஒங்களப் பழிச்சேன், ஊருக்கு முன்னாலேயே திருத்துறேன்."

திருத்தினார்! இதே ஒலிவாங்கியைப் பிடித்து, "பிழை என்னுடையது" என்றார். படித்தவர்களில் யார் செய்வார்கள் இதை? அன்று முதல் பருத்தி உடுத்தாமல் அவர் அந்தச் சேற்றைத் தொட்டதில்லை.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அப்ப நம்ம பட்டறை சுத்தம்னு ஒரு கடதாசி எழுதிக் குடுங்க டீச்சர்" என்றேன்.

சிரித்துவிட்டார். "அதெப்படி அண்ணன்? ஒங்கட கானுக்குக் கீழ நான் இன்னும் சேறே எடுக்கல்லியே!"

பட்டறையில் துணி அலசிய தண்ணீர் ஆற்றில் விழும் கான் அது; அங்கே எடுக்க விட எனக்குப் பயம். மழை என்றேன், ஓடர் என்றேன், மகள் கலியாணம் என்றேன். இரண்டு வருடத்துக்கும் மேல் சாக்குச் சொல்லி, போன மாதம்தான் "வாங்க" என்றேன். முழங்கால் வலியோடு ஆற்றில் இறங்கி, மூன்று கண்ணாடிப் போத்தல்களில் சேறு எடுத்தார். அதைத் திறந்து பார்க்குமுன் போய்விட்டார். அந்த இரண்டு வருடத்தையும் அவரிடமிருந்து பறித்தவன் நான்தான்!

அன்பர்களே, அவரோடு வேலை செய்த தனுஷா டீச்சர் அடுத்த கிழமை அந்தப் போத்தல்களைத் திறக்கிறார். நூல் எங்களுடையது என்றால், கழிவுநீரை வடிகட்டும் தொட்டி கட்டி முடியும்வரை என் பட்டறைக் கதவு திறக்காது. பாறூக் நானா, இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. ஆற்றுக்கும் தரும் வாக்கு.

தனுஷா டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன். முடிவை முதலில் எனக்குச் சொல்ல வேண்டாம். தனியாகச் சொன்னால் நான் மறைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். இங்கேயே, உங்கள் எல்லோர் முன்னும் சொல்லட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.