நாலாவது ஊருக்குப் போகும் பஸ்

நெட்டை: இன்னும் எவ்வளவு நேரம்டா இந்த பெஞ்சத் தேச்சுட்டு உக்காந்திருக்கறது? டிக்கெட் வாங்கி முக்கா மணி நேரம் ஆச்சு. ரோப் கார் அசையற மாதிரியே தெரியல.

குருவி: காத்து ஜாஸ்தின்னு நிறுத்தியிருக்காங்க. ஒருத்தரு தூண் மேல ஏறிட்டிருக்காரு பாரு. அவரு பாத்துட்டு எறங்குனாத்தான் விடுவாங்களாம்.

சோடா: எங்க? எனக்கு வெறும் பனிதான் தெரியுது.

நெட்டை: உன் கண்ணாடிக்குப் பனி இல்லாத ஊர்லயும் பனிதான் தெரியும்.

சோடா: சோடாபுட்டின்னு பேர் வெச்சவன்கிட்ட போய் வேற என்ன எதிர்பாக்கறது...

குருவி: மஞ்சச் சட்ட. மூணாவது தூண். பெல்ட்டு மாட்டியிருக்காரு. ஒவ்வொரு சக்கரத்தையும் கையால சுத்திச் சுத்திப் பாக்கறாரு.

நெட்டை: ஏன்டா டேய். வருஷம் பூரா லிஃப்டுக்கு மேலயும் கீழயும் கெடந்து சாகறோமேன்னு லீவு போட்டு மலையப் பாக்க வந்தா, நீ இங்கயும் எவன் எதுக்கு கிரீஸ் தடவறான்னு பாத்துட்டிருக்க. அதோ எவ்வளவு பெரிய மலை நிக்குது. அதப் பாரு.

குருவி: மலை எங்கயும் போகாது.

சோடா: நாமதான் போகணும். அதுவும் இவன் கூட. மொத ஊர்ல தெருவே படிக்கட்டு. என் முட்டி இன்னும் அந்த ஊர்லதான் இருக்கு.

நெட்டை: ஊர் முழுக்க ஒரு லிஃப்ட் இல்ல பாத்தியா. அங்க பொறந்திருந்தா நாம மூணு பேரும் பட்டினிதான்.

குருவி: ரெண்டாவது ஊர்ல ஏரி. என் போன் இன்னும் அந்த ஊர்லதான் இருக்கு.

நெட்டை: படகுல நின்னுட்டு போட்டோ எடுத்தா விழாம என்ன பண்ணும்?

குருவி: நான் உக்காந்துதான் எடுத்தேன். நின்னது சோடா.

சோடா: படகு ஆடுச்சுடா...

குருவி: ஆமா. ஆடுச்சு.

நெட்டை: விடு. போன் இல்லாம நாலு நாளு நிம்மதியாத்தான இருந்த? அவனவன் அதுக்காகவே ஆசிரமம் தேடிப் போறான். சரி, கேளு. இதுல மேல போய்ட்டு வந்ததும் நேரா பஸ் ஸ்டாண்டு. ரெண்டு மணிக்கு நாலாவது ஊருக்கு பஸ்ஸு. ராத்திரிக்குள்ள ரூமு. நாளைக்கு, நாளானைக்கு அங்க. சனிக்கிழமை சாவகாசமா வீடு.

குருவி: வீட்டுக்குப் போற பஸ்ஸும் ரெண்டு மணிக்குத்தான். நேத்து பாத்தேன். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான் நிக்குது.

நெட்டை: அதுக்கென்ன இப்ப?

குருவி: ஒண்ணுமில்ல. பாத்தேன்னு சொன்னேன்.

சோடா: இந்த ஊரே போதும்னு தோணுதுடா. எனக்கு முட்டி வேற...

நெட்டை: நீ சும்மா இரு. கெளம்பும்போது நாலு ஊருன்னுதான பேச்சு?

சோடா: இல்ல, வெள்ளிக்கிழமை தாண்டற வரைக்கும் இங்கயே கூட...

குருவி: வெள்ளிக்கிழமை தாண்டுனா?

நெட்டை: சனிக்கிழமை வரும். இது கூடத் தெரியாதா? டீ சொல்லட்டுமா?

குருவி: எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னானாம் ஒருத்தன்.

நெட்டை: என்னடா பழமொழியெல்லாம் வருது?

குருவி: பதினோரு வருஷமா நாம மூணு பேரும் ஒண்ணா லீவு கேட்டிருக்கோம். ஒரு தடவையாவது மேனேஜரு குடுத்தாரா? ஒருத்தன் போனா ரெண்டு பேரு இருக்கணும்னு சட்டம் பேசுவாரு. இந்தத் தடவ அவரே கூப்புட்டு, போய்ட்டு வாங்கப்பான்னாரு. பஸ்ஸு நேரம் கூட அவரே பாத்துச் சொன்னாரு.

நெட்டை: நல்லவனா இருந்தாலும் சந்தேகம். கெட்டவனா இருந்தாலும் சந்தேகம். உன்ன வெச்சுட்டு அந்த மனுஷன் என்னதான் செய்வான்?

குருவி: ஆஸ்பத்திரில அந்தம்மா எப்படி இருக்காங்களோ.

நெட்டை: ஆரம்பிச்சுட்டான்.

குருவி: நாம கெளம்பறதுக்கு முன்னாடி போய்ப் பாத்தேன்.

சோடா: நீ... போனியா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே.

குருவி: கேட்டாத்தான சொல்றதுக்கு? இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. தண்ணி குடிக்கறதுக்கு ஒருத்தரு தலையத் தூக்கிப் புடிக்கணும். நான் லிஃப்ட் கம்பெனின்னு சொல்லல. தெரிஞ்சவங்க மாதிரி போய் நின்னேன். அவங்களா சொன்னாங்க... எப்பவும் படியிலதான் ஏறுவேன் தம்பி, நாலு வீட்டுல வேலை செய்யறவளுக்கு லிஃப்ட் எதுக்கு, அன்னிக்கு ரெண்டு கையிலயும் பாத்திரம் இருந்துச்சு, அதான் ஏறிட்டேன்னு. என்னமோ அவங்க பண்ண தப்பு மாதிரி சொன்னாங்க.

சோடா: போதும்டா.

குருவி: லிஃப்ட் அஞ்சாவது மாடிலேர்ந்து விட்டுருச்சு. பிரேக் புடிக்கவே இல்ல.

நெட்டை: எல்லாம் தெரிஞ்ச கதை. எதுக்கு திரும்பத் திரும்ப...

குருவி: மெஷின் ரூம்ல தொங்கற சர்வீஸ் கார்டுல, விழறதுக்கு மூணு நாள் முன்னாடி, 'பிரேக் பார்த்தாயிற்று, சரியாக உள்ளது'ன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ யாரு கையெழுத்து?

நெட்டை: உன் கையெழுத்து.

குருவி: என் பேரு. கையெழுத்து யாரோடது? நான் அன்னிக்கு எங்க இருந்தேன், நெட்டை?

நெட்டை: உங்க மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னு போயிருந்த. காலைல போன் பண்ண. 'மச்சான், இன்னிக்கு அந்த ஆறு மாடி என் முறை, நீ போட்டுடு'ன்னு நீதான சொன்ன?

குருவி: 'பாத்துட்டுப் போட்டுடு'ன்னு சொன்னேன்.

நெட்டை: ரெண்டும் ஒண்ணுதான்.

குருவி: அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு, ரெண்டும் ஒண்ணுதான்னு.

சோடா: மெதுவாப் பேசுங்கடா. வரிசையில நிக்கறவங்கல்லாம் பாக்கறாங்க.

நெட்டை: பாக்கட்டும். யோக்கியன் வரான், சொம்ப எடுத்து உள்ள வைய்யின்ன கதையால்ல இருக்கு. என்னமோ நாங்க மட்டும் மாத்திப் போட்ட மாதிரி பேசறான். நீ எங்க பேர்ல போட்டதே இல்லையா?

குருவி: போட்டிருக்கேன். மூணு தடவ. ரெண்டு தடவ ஏறிப் பாத்துட்டுப் போட்டேன். ஒரு தடவ பாக்காம போட்டேன். அன்னிக்கு எதுவும் விழல. அவ்வளவுதான் வித்தியாசம்.

நெட்டை: பின்ன?

குருவி: பின்ன ஒண்ணுமில்ல. நீ அன்னிக்கு மேல ஏறுனியா இல்லையான்னு மட்டும் சொல்லு.

நெட்டை: மழை பேஞ்சுட்டிருந்துச்சுடா. மொட்ட மாடி பூரா தண்ணி. மெஷின் ரூமுக்குக் குனிஞ்சுதான் போகணும். நீ குருவி, பூந்துடுவ. எனக்கு முதுகு ஒத்துக்காது, உனக்கே தெரியும். சத்தமெல்லாம் கீழேர்ந்தே கேட்டேன். நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு.

சோடா: நான்தான் மேல போய் கார்ட எடுத்துட்டு வந்தேன்.

நெட்டை: சோடா, வாய மூடு.

சோடா: இல்லடா, சொல்லிடறேன். ஆறு நாளா சோறு எறங்கல. நான் கார்டு எடுக்க மெஷின் ரூம் வரைக்கும் போனேன், குருவி. கதவுக்குப் பக்கத்துல ஆணியில தொங்குச்சு. எடுத்துட்டு வந்துட்டேன். இன்னும் நாலடி வெச்சிருந்தா பிரேக்கு. தேஞ்சு கருகுன வாசன வந்திருக்கும். எனக்குக் கண்ணுதான போச்சு, மூக்கு போகலையே...

நெட்டை: அழாதடா. நடு ரோட்டுல...

குருவி: அவன் அழட்டும். வெள்ளிக்கிழமை என்னன்னு இப்ப நீ சொல்லு.

நெட்டை: தெரிஞ்சுட்டுத்தான கேக்கற.

குருவி: உன் வாயால கேக்கணும்.

நெட்டை: விசாரணை. பதினோரு மணிக்கு. நீ வரலைன்னா, ஆளு பயந்து ஓடிட்டான்னு எழுதிட்டு, கார்டுல இருக்கற பேர் மேல முடிச்சிடுவாங்க. மேனேஜரு சொன்னாரு. அன்னிக்கு உன்ன ஊர்ல இல்லாம மட்டும் பாத்துக்கன்னு.

குருவி: முடிச்சிடறதுன்னா?

நெட்டை: லைசென்சு போகும். ரெண்டு வருஷம்... உள்ள இருக்க வேண்டி வரும். அதுவும் நல்ல வக்கீலு வெச்சா கொறையும்.

குருவி: சரி. மூணு பேர்ல நான் போனாப் போதும்னு யாரு முடிவு பண்ணது? மேனேஜரா, நீயா?

சோடா: மேனேஜரும் நாங்க ரெண்டு பேரும்தான். நானும் அந்த ரூம்ல இருந்தேன்.

நெட்டை: கொஞ்சம் யோசிச்சுப் பாருடா. எனக்கு ரெண்டு பொண்ணு. பெரியவளுக்கு இப்பத்தான் பேச்சு நடந்துட்டிருக்கு. அப்பன் ஜெயில்லன்னா எவன் வருவான்? இவனுக்குப் பையன் கைக்கொழந்த. உனக்கென்ன... புள்ளையா குட்டியா? ரெண்டு வருஷம் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும். உன் வீட்ட நாங்க பாத்துக்க மாட்டமா?

குருவி: பன்னெண்டு வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்குனப்போ நீயும் கூட வந்த. வெளிய என் பைய வெச்சுட்டு உக்காந்திருந்த.

நெட்டை: நான் அந்த அர்த்தத்துல...

குருவி: எந்த அர்த்தத்துல சொன்னாலும் அதுதான்டா. எனக்குப் புள்ள இல்லாதது ஒரு நாளு உனக்கு உதவும்னு நான் நெனச்சதே இல்ல.

சோடா: மஞ்சச் சட்டக்காரரு எறங்கிட்டாரு.

குருவி: ம். கையெழுத்துப் போடறாரு பாரு. கை நடுங்குது, குளிர்ல.

நெட்டை: மணி அடிச்சாச்சு. வரிசை நகருது. குருவி... ஏறலாமா? மேல போய் பேசிக்கலாம். சத்தியமா.

குருவி: நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்.

சோடா: குருவி, இன்னொண்ணு இருக்கு. அதையும் கேட்டுட்டு என்னத் திட்டு.

நெட்டை: அது எதுக்குடா இப்ப...

சோடா: நாம கெளம்புன அன்னிக்குக் காலைல ஆபீசுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. விசாரணை அதிகாரிகிட்டேர்ந்து. உன் பேருக்கு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன்.

குருவி: என் கையெழுத்தா, உன் கையெழுத்தா?

சோடா: ...உன்னோடது.

குருவி: பிரிச்சுப் பாத்தியா?

சோடா: இல்லடா. அடுத்தவன் லெட்டரப் பிரிக்கறது தப்பு இல்லையா. அப்படியே... கிழிச்சுட்டேன்.

குருவி: பிரிக்கறது தப்பு. கிழிக்கலாம்.

நெட்டை: நான்தான் கிழிக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லித்தான வந்திருக்கும்? வேற என்ன இருக்கப் போகுது அதுல?

குருவி: அது என்னைக் கூப்புட்டு வந்த லெட்டர் இல்ல.

நெட்டை: உனக்கு எப்படித் தெரியும்?

குருவி: ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு சொன்னேனே. அங்கேர்ந்து நேரா அந்த அதிகாரிகிட்டதான் போனேன். மாமியாரோட ஆஸ்பத்திரிச் சீட்ட மேசையில வெச்சேன். நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல, ஆனா நானும் ஒரு தடவ பாக்காம போட்டவன்தான்னு சொல்லி, என் லைசென்சயும் பக்கத்துலயே வெச்சுட்டேன். இனிமே அது எனக்கு இல்ல. அப்புறம் அவரு கேட்டாரு, அப்ப இதுல போட்டது யாருன்னு.

சோடா: சொல்லிட்டியா?

குருவி: இல்ல. அவனுங்க நல்லவனுங்க சார், கூட்டாளிங்க, பயத்துல வாய் தொறக்காம இருக்கானுங்க, கொஞ்சம் டயம் குடுங்க, அவனுங்களே வந்து சொல்லிடுவானுங்கன்னு ஒரு மணி நேரம் நின்னு கெஞ்சுனேன். போட்டவன் தானா முன்வந்தா கவனக்கொறவுன்னு எழுதிக்கறேன், ஜெயிலு வராது, போன்ல சொன்னாக்கூடப் போதும்னாரு. வரலைன்னா கள்ளக் கையெழுத்துன்னு கேசு, அத யாராலயும் தடுக்க முடியாதுன்னாரு. வாய்ப்பேச்சா மட்டும் வேண்டாம், இப்ப சொன்ன தேதியப் போட்டு எழுத்துலயும் அனுப்பறேன், கூட்டாளிங்ககிட்ட காட்டுன்னாரு. அதுதான் அந்த லெட்டர்.

சோடா: ஐயோ...

நெட்டை: டேய்... டேய், குருவி. அப்ப நீ ஆறு நாளா எங்க கூட...

குருவி: லெட்டர் வந்து சேரும், பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன். இல்லைன்னாலும் ஒண்ணாத் தின்னு ஒண்ணாத் தூங்குனா, எவனாவது ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லுவான்னு நெனச்சேன். ஊர் ஊரா அதத்தான் பாத்துட்டு வந்தேன். மலைய நான் எங்க பாத்தேன்?

நெட்டை: நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

குருவி: நேத்து மணிக்கூண்டுகிட்ட சொல்லிடலாம்னுதான் வாயெடுத்தேன். 'உனக்கென்னடா, புள்ளையா குட்டியா, இன்னும் நாலு ஊரு கூட சுத்தலாம்'னு சொல்லி என் தோள்ல கையப் போட்ட. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல.

நெட்டை: தப்புதான்டா. செருப்பால அடி. இப்பவே சொல்லிடறேன். இந்தா, போன் கையிலதான் இருக்கு. நம்பரு சொல்லு. இன்னிக்கு புதன்கிழமைதான ஆகுது, வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்கு. எது வரைக்கும் டயம் குடுத்திருந்தாரு?

குருவி: நேத்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். மூணு பேரும் ஐஸ்க்ரீம் தின்னுட்டிருந்தோம். மணிக்கூண்டுல அஞ்சு அடிச்சு முடியற வரைக்கும் நான் நிமிந்தே பாத்துட்டிருந்தேன். என்னடா மணியையே பாக்கற, எந்த ரயிலப் புடிக்கணும்னு நீதான் கேட்ட.