முதல் சூட்டில் எழுந்த கூம்பு

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் அம்மா அவர்களே, பேராசிரியரின் மாணவச் செல்வங்களே! எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் அவருக்கு உதவியாளனாக இருந்தவன் என்பதால் இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். தப்புச் செய்துவிட்டீர்கள்.

எப்பேர்ப்பட்ட மனிதர் நம் பேராசிரியர்! பிளாஸ்டிக்கை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று ஆயுள் முழுக்க அளந்தவர். "உன் மூளைய அளந்தா மெஷினுக்கே அவமானம்யா!" என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் இந்த அரங்கில் உண்டா? இருந்தால் கை தூக்குங்கள்! பார்த்தீர்களா, ஒரு கைகூட எழவில்லை.

விறைத்துக் கிடக்கும் பிளாஸ்டிக் சூடேறச் சூடேற ஓரிடத்தில் இளகும். அங்கே அது வாங்கும் வெப்பம் வரைபடத்தில் படிபோல ஏறும். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த துண்டானால் படிக்கு மேலே ஒரு கூம்பும் எழும். அது அந்தத் துண்டின் முதுமை. ஒருமுறை சூடாக்கி ஆறவைத்தால் கூம்பு போய்விடும். நம்மவரோ, தம் பிளாஸ்டிக்குக்கு முதுமையே கிடையாது என்று எழுதிப் பேர் வாங்கியவர்!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வு மாணவி அவருடைய பிளாஸ்டிக்கிலேயே அந்தக் கூம்பைக் கண்டாள். மில்லிகிராம் பிசகாமல் நிறுப்பாள். குட்டித் தராசு என்போம். பேராசிரியர் என்ன சொன்னார்? "கை சுத்தமில்ல. இவளுக்கெல்லாம் எதுக்குப் பட்டம்?" சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். கூடவே காதோடு சொன்னார்: "முதல்ல ஒரு தடவ சூடு பண்ணிடு."

பண்ணினேன். கூம்பில்லாமல் வழவழவென்று வந்த கோட்டைப் பட்டம் தரும் குழுவின்முன் விரித்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். "சார், முன்னாடியே சூடு பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா."

அந்த ஒரு சொல்லில் அவளுடைய ஐந்தாண்டு உழைப்பு போயிற்று. எனக்குப் பதவி உயர்வு வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அவர் கண்மூடிய மறுநாள், மிச்சமிருந்த துண்டைச் சூடாக்காமல் அளந்தேன். கூம்பு முன்னைவிட உயரமாக எழுந்தது. அவளைத் தேடிப் போனேன். மருந்துக்கடையில் வேலைக்கு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்?"

அவர் இருக்கும்போது நான் பயந்தாங்கொள்ளி; அன்றிரவே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன்.

இயக்குநர் அவர்களே, இதோ அந்த அளவீடு. இதோ நான் பொய் சொன்னேன் என்று கையெழுத்திட்ட கடிதம். அவளுடைய பட்டத்தை அவளிடம் கொடுங்கள். என்னை என்ன செய்வதாக இருந்தாலும் செய்யுங்கள். அம்மா அவர்களே, நீங்கள் அழுங்கள்; அவருக்காக அழ ஒருவராவது வேண்டும்.

அவருடைய பணியைத் தொடர்வேன் என்று உறுதிமொழி வாசிக்கச் சொல்லி ஒரு தாளும் தந்திருக்கிறீர்கள். ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பணியைத்தான் செய்துவந்தேன். இனி என்னால் ஆகாது.