ஆளில்லாத வீடுகளில் காய்ந்த துணி

எனது பெயர் சுயம்புராஜ். வயது 44. தகப்பனார் பெயர் தங்கப்பன். சொந்த ஊர் கொட்டாரம். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். சம்பவம் நடந்தபோது நாகர்கோவிலில், கோட்டாறுக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டியுள்ள ஒன்பது மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தேன். கதவு எண் கேட்கிறீர்கள். அந்த வீட்டுக்கு இன்னும் எண் போடவில்லை. இரண்டாவது மாடி, படி ஏறியதும் இடது பக்கம் என்று எழுதிக்கொள்ளவும்.

என் மனைவி முத்துக்கனி மேற்படி கட்டடத்தின் ஏழாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தது சம்பந்தமாகவும், பூட்டியிருந்த வீட்டைத் திறந்து அவள் திருடப் போனாள் என்று கட்டடக் கம்பெனி கொடுத்திருக்கும் மனு சம்பந்தமாகவும் விசாரிக்க, எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன்.

எங்களுக்கு ஆதிரா என்று ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் நாகர்கோவிலில் என்பதால் அங்கேயே வீடு தேடினோம். எங்களுக்குக் கட்டுப்படியானதெல்லாம் மழைக்கு ஒழுகும் வீடுகள். அந்தச் சமயத்தில் மேற்படி கட்டடத்துக்கு டைல்ஸ் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே மேனேஜராக இருக்கும் ரசலையன் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "மக்கா, புது வீடு. பாதி வாடகை தந்தா போரும். ஆளில்லாத கட்டடத்துல எவன் வீடு வாங்குவான்? நாலு மாடியில துணி காயணும், அந்திக்கு லைட்டு எரியணும். ஒனக்க வீட்டுக்காரி அதப் பாத்துக்கிட்டா போரும்" என்று சொன்னார். நான் சம்மதித்தேன். அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடிவந்தோம். அவ்வளவு பெரிய கட்டடத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். லிஃப்ட் ஓடவில்லை. முத்துக்கனி, "ஒம்பது மாடிக்கும் நாமதான் ராசாவும் ராணியும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதன் பிறகு ரசலையன் என் மனைவி கையில் ஒரு சாவிக்கொத்தும் இரண்டு பை நிறையத் துணியும் கொடுத்தார். சேலை, கைலி, பள்ளிக்கூட யூனிஃபார்ம், கைக்குழந்தைச் சட்டை எல்லாம் அதில் இருந்தன. எல்லாம் கம்பெனி வாங்கியது. தினமும் காலையில் அவள் அவற்றை முக்கிப் பிழிந்து, வாளியில் சுமந்து மாடி மாடியாக ஏறி, பால்கனிகளில் காயப்போடுவாள். நனைக்காத துணி தொங்குகிற விதமே வேறு, ரோட்டில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும் என்பாள். நான்காவது மாடியில் பிள்ளை பெற்றவள், ஏழாவது மாடியில் புருஷன் துபாயில் இருக்கிறவள் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள். சாயங்காலம் ஆதிரா, "எம்மா, துபாய்க்காரி துணி எடுத்தாச்சா?" என்று கேலி செய்வாள். ரசலையன் எதிர் ரோட்டில் நின்று, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் போனில் கட்டடத்தைக் காட்டி, ஆட்கள் குடிவந்தாயிற்று என்பார். இது ஏமாற்று இல்லையா என்று கேட்டீர்கள். ஏமாற்றுதான். அதற்கு என்ன தண்டனையோ எனக்குக் கொடுங்கள். அவள் பெயரில் திருட்டு என்று எழுதாதீர்கள்.

ஏழாவது மாடி பால்கனியின் கைப்பிடியைச் சிமெண்ட் வைத்து நிறுத்தாமல் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். முத்துக்கனி அதை என்னிடம் சொன்னாள். நான் ரசலையனிடம் சொன்னேன். கண்ணாடி வரும்போது சேர்த்துச் செய்யலாம், அதுவரை அதில் சாயாமல் நின்றால் போதும் என்றார்.

சம்பவத்தன்று காலை காற்று பலமாக இருந்தது. ஆனி மாதக் காற்று உங்களுக்கே தெரியும். லீவில் வந்திருந்த வளைகுடாக் குடும்பம் ஒன்று வீடு பார்க்க வருவதாகவும், ஏழாவது மாடியில் துணி போட வேண்டும் என்றும் ரசலையன் போன் செய்தார். முத்துக்கனி என்னைப் பார்த்து, "காத்து புடுங்குது. இன்னைக்கி வேண்டாம்னு நீங்க சொல்லுங்க" என்றாள். நான் போனை வாங்கிச் சொன்னேன். "பார்ட்டி வழியில வந்துட்டிருக்கு மக்கா. அரை மணிக்கூர் தொங்கினா போரும்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். நான் கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தபோது ஒரு படுக்கை விரிப்பைக் காற்று வெளியே இழுத்தது. அவள் அதை எட்டிப் பிடித்தாள். கைப்பிடியோடு சேர்ந்து விழுந்தாள். அப்போதுதான் கார் கேட்டுக்குள் நுழைந்தது. அவர்கள் இறங்கவே இல்லை, அப்படியே திருப்பிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதில் உயிர் இல்லை என்றார்கள்.

பிணவறையிலிருந்து நான் திரும்புவதற்குள் எல்லா பால்கனிகளிலிருந்தும் துணிகளைக் கம்பெனிக்காரர்கள் எடுத்திருந்தார்கள். சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. அதைத்தான் இப்போது திருட்டுச் சாவி என்கிறார்கள். திருடப் போகிறவள் வாளி நிறைய ஈரத்துணியைச் சுமந்துகொண்டு ஏழு மாடி ஏறுவாளா? இதை மனு எழுதியவர்களிடம் கேட்க வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் ரசலையன் கொட்டாரத்துக்கு வந்து, "நடந்தது நடந்து போச்சு. பிள்ளைக்கு ஒரு வழி செய்யுதோம். நீ ஸ்டேசனுக்கொண்ணும் போவாண்டாம்" என்றார். ஆதிரா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "மாமா, எங்க அம்ம களவாணியா?" என்று கேட்டாள். அவர் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, இன்று காலை, சாமான்களை எடுக்கப் போனேன். எங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. கதவைத் திறந்த பெண் தன் பெயரைச் சொன்னார்; முப்பது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் ஒரு வாளியில் பிழிந்த துணிகள் இருந்தன. சாவி யார் கொடுத்தது என்று கேட்டேன். "கம்பெனிதான் அண்ணே தந்தாவ" என்றார். அதை ஸ்டேஷனில் வந்து சொன்னால் என் மனைவி பெயர் சுத்தமாகும் என்றேன். அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "எங்கள வீட்ட விட்டு இறக்கி விட்டுருவாவ. எனக்க பேர மட்டும் சொல்லாதுங்க" என்றார். ஏழாவது மாடிக் கைப்பிடியை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். தூக்கி நிறுத்திக் கட்டுக்கம்பியால் கட்டியிருக்கிறார்கள் என்றார்.

அந்தப் பெண்ணின் பெயரை நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். சாட்சி இல்லாமல் என் பேச்சு நிற்காது என்றும் சொன்னீர்கள். முத்துக்கனியைக் களவாணி என்று எழுதி வைத்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. என்றாலும் பெயரைச் சொல்ல மாட்டேன். என் வழக்கை நாளைக்கு எழுதினாலும் சரி. முதலில் ஒரு போலீஸ்காரரை அனுப்பி, ஏழாவது மாடியில் துணி காயப்போடும் அந்தப் பெண்ணைக் கீழே இறங்கச் சொல்லுங்கள். வெளியே காற்று அடிக்கிறது.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. விட்டது அந்த ஒரு பெயர் மட்டும்தான்.

(ஒப்பம்)
த. சுயம்புராஜ்