அரைமைல் ஓடி விழாத ஏழு பேர்

— பாருங்கய்யா! வேலிக்கு வெளியே நிக்கிற அத்தனை பேரும் கண்ணைத் திறந்து பாருங்க! அரைமைல் ஓடி ஜெயிச்ச பொண்ணு, ரெண்டு காலையும் ஊனி நிக்குறா!

— கத்தாதே, நோரா. கண்ணு இருட்டுது. கையைக் குடு.

— மாட்டேன், ஹெட்டி. தொட்டா, தாங்கிப் பிடிச்சாங்கன்னு எழுதிடுவான். மேடையில டாக்டர் உட்கார்ந்திருக்கான். போட்டி முடிஞ்ச மணி அடிக்கிற வரைக்கும் எவளும் விழக்கூடாது. ஒருத்தி விழுந்தாலும், அடுத்த வருஷத்துலேருந்து பொம்பளைங்களுக்கு அரைமைல் ஓட்டமே கிடையாதுன்னு சொல்லிட்டான்ல?

— ஆம்பளைங்க ஓட்டத்துல ஜெயிச்சவன் புல்லுல மல்லாந்து கிடந்தானே?

— அவனுக்குப் பிராந்தி குடுத்து, விசிறிவிட்டு, வீரன்னாங்க. நீ கிடந்தா நோயாளிம்பாங்க. ஆம்பளைங்க உலகச் சண்டைக்குப் போன நாலு வருஷமும் இந்த லங்காஷயர் நெசவு மில்லையெல்லாம் ஓட்டினது யாரு? நாலு தறிக்கு நடுவுல பத்து மணி நேரம் நின்னோமே, அப்ப எந்த டாக்டர் வந்து நாடி பார்த்தான்? நில்லுடி!

— மத்தவளுங்க?

— நிக்குறாங்க. ஃப்ளோரி கம்பத்துல... இல்ல, சாயல. முடியைத்தான் முடியுறா. கடைசியா வந்த பெஸ்ஸி வாந்தி எடுத்தா. நின்னுக்கிட்டேதான் எடுத்தா, மகராசி!

— சிரிக்க வைக்காதே, விழுந்துடுவேன். அந்த டாக்டர் என்ன பண்றான்?

— பத்திரிகைக்காரன்கிட்ட என்னமோ சொல்லி எழுத வைக்கிறான்.

— என்னன்னு?

— இம்புட்டுத் தூரத்துல எப்படிடி கேக்கும்?

— தறிச் சத்தத்துல உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு அத்தனையும் பேசுறவ நீ. உனக்குக் காது எதுக்குடி?

— இரு... மீசை மறைக்குது... "பரிதாபமான காட்சி."

— அப்புறம்?

— "பெண்ணுடல் இதற்குத் தகாது."

— அடப்பாவி! நாங்க நிக்கிறோமே!

— இந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லடி. அச்சடிச்ச பெயர்ப் பட்டியலைக் கையில வச்சுக்கிட்டு வாசிக்கிறான்... ஹெட்டி...

— சொல்லுடி!

— "ஒன்பது பெண்கள் ஓடினர். ஒன்பது பேரும் மயங்கி விழுந்தனர்."

— ஒன்பதா? ஏழு பேர்தானே ஓடினோம்! பட்டியல்ல பேர் இருந்தும் மார்த்தாவையும் ஐவியையும் மேஸ்திரி விடல. இந்நேரம் மில்லுல தறி முன்னாடி நிப்பாங்க.

— அவங்களும் விழுந்துட்டாங்களாம்.

— மணி அடிச்சுதா?

— இப்ப அடிச்சிருச்சு.

— அப்ப கையைக் குடு. வேலிக்கிட்ட கூட்டிட்டுப் போ. அய்யா! அம்மா! விழுந்ததைப் பார்த்தேன்னு எழுதுறவன் ஒருத்தன்; நின்னதைப் பார்த்தவங்க நீங்க ஆயிரம் பேர். அந்தப் பொய் அச்சேறுறதுக்குள்ள ஒருத்தர் பாக்கியில்லாம கையெழுத்துப் போடுங்க: ஏழு பேர் ஓடினாங்க, ஒருத்தியும் விழல!