புதன்கிழமை, பத்து மணி

டீயை ஆற அமரக் குடிக்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது, ஐயா. மற்றபடி யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்ரோலிய ஆலையில் தீயணைப்பு ஒத்திகைக்கு நான்தான் பொறுப்பு. மாதத்தின் முதல் புதன், காலை பத்து மணிக்குச் சைரன். ஒரு தட்டில் கொஞ்சம் டீசலை ஊற்றிப் புகை கிளப்புவோம். மூன்று நிமிடத்தில் வந்து நுரை அடிக்க வேண்டிய ஆட்கள், காற்று வாங்கப் போகிறவர்கள் மாதிரி ஏழு நிமிடத்தில் வருவார்கள். நான் ஸ்டாப்வாட்சும் கையுமாகக் கரடியாய்க் கத்துவேன். "கடிகாரம் ஆரம்பிச்சிடுச்சுப்பா" என்று என் காதுபடவே சிரிப்பார்கள்.

அவர்களில் குழாய் பிடிப்பவன் என் மனைவியின் தம்பி. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவனைத்தான் பிள்ளையாக வளர்த்தோம். அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான். நிஜமாகத் தீப்பிடித்தால் இவன் கருகிப்போவானே என்ற பயத்தில் எனக்கு ஒரு வாய் இறங்காது. மேலாளரிடம் நான்கு முறை மன்றாடினேன். "பாத்துக்கலாம்" என்றார். கடைசியில் அவனிடமே காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நிஜமா எரிஞ்சா ஓடி வருவோம் மாமா. வெறும் தட்டுக்கு எதுக்கு உயிரை விடணும்?" என்றான்.

நியாயமான பேச்சுதான். அதனால் நிஜமாகவே எரியட்டும் என்று முடிவு செய்தேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது, எல்லா ஆட்களும் தயாராக இருக்க வேண்டும். ஆகவே ஒத்திகை நாளையே எடுத்துக்கொண்டேன். பம்ப் கொட்டகைக்குள் வால்வைத் திறந்து, பெட்ரோலை ஓடவிட்டு, பற்றவைத்தது நான்தான். சைரனை அழுத்தினேன். ஸ்டாப்வாட்சையும் அழுத்தினேன்.

அவர்கள் நடந்து வந்தார்கள், ஐயா. புதன்கிழமை, பத்து மணி, கொஞ்சம் புகை. வேறென்ன நினைப்பார்கள்? அது எனக்குத் தோன்றவே இல்லை. மைத்துனன் முன்னால் வந்தான். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது, கையில் டீ டம்ளர். என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டிவிட்டு, தட்டு எங்கே என்று பார்க்கக் கொட்டகைக் கதவைத் திறந்தான்.

எனக்கும் அவனுக்கும் இருபதடி இருக்கும். போகாதே என்று கத்தியிருந்தால் நின்றிருப்பான். வாய் வரை வந்தது. ஆனால் நானே எச்சரித்துவிட்டால் அது என்ன சோதனை? உள்ளே போனான். பம்ப் வெடித்தது. அதற்கப்புறம் மற்றவர்கள் ஓடினார்கள்.

"அப்ப நீங்க எங்க நின்னீங்க?" என்று மனைவி கேட்டாள். அதைத் தவிர அவள் என்னிடம் எதுவுமே பேசவில்லை. அவன் முகம் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன்?

இன்று மறுபடியும் முதல் புதன். சைரன் இந்த அறை வரை கேட்டது. இந்த முறை நிச்சயம் ஓடி வந்திருப்பார்கள். எத்தனை நிமிடம் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், ஐயா.