கரடி டூட்டி

— இந்த வாரமே கெளம்பி வந்துருங்க. கரடிக்குக் காவல் நிக்கிற இந்த வேல உங்களுக்கு வேணாம்.

— விஜி, இங்க துபாய்ல, எங்க சோனாப்பூர் லேபர் கேம்ப்ல அவனவன் வெயில்ல சைட்டுக்குப் போறான். நான் மாலுக்குள்ள ஏசில நிக்கிறேன். என்னயப் போயி வரச் சொல்றியே!

— அவங்க பக்கத்துல கரடி நிக்கலையே. அதுவும் கிரிஸ்லியாம், அமெரிக்கக் கரடியாம். அதுக்குக் கண்ணு வேற மட்டமாமே. ஆளு தெரியாம அடிச்சுப்புட்டா?

— எவன் சொன்னது? மனுசன் அளவுக்குப் பாக்கும், கலர்கூடத் தெரியும். மோப்பந்தான் ரொம்பப் பெரிசு. மால்ல போர்டே வச்சிருக்கான். சூப்பர்வைசர் சேதுமாதவன் சார் வாசிச்சுச் சொன்னாரு.

— ரெண்டு கால்ல எந்திரிச்சு நிக்குமாமே, அடிக்கத்தான?

— அட, சுத்துமுத்தும் பாக்கவும் மோப்பம் புடிக்கவும் நிக்கிறது அது.

— ஓடுமா?

— காட்டுல இருக்குறது குதிர கணக்கா ஓடும். எங்க கரடி ஓடாது. சாயங்காலமானா அதுக்குக் காலு வலிக்கும்.

— காலு வலிக்குதுன்னு அது சொல்லுச்சாக்கும்?

— மொகத்தப் பாத்தா தெரியாதா?

— சரி, என்ன திங்குது?

— குப்பூஸ் ரொட்டியும் பருப்பும்.

— அமெரிக்கக் கரடி குப்பூஸா திங்குது?

— துபாய்க்கு வந்தா யாரா இருந்தாலும் குப்பூஸ்தான்.

— வெளையாடாதீங்க. டிராவல்ஸ் பழனிச்சாமி அண்ணன்ட்ட டிக்கெட் போடச் சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம ஃபிளைட்டு.

— அடியேய், போட வேணாம்னு சொல்லு! விஜி... அங்க கரடியெல்லாம் கெடையாது.

— கெடையாதா?

— அந்தக் கரடியே நான்தான். கம்பெனி சைட்ட மூடிட்டான். பஞ்சு உடுப்ப மாட்டிக்கிட்டு, வர்ற பிள்ளைகளுக்குக் கையாட்டுறேன். வெல்டர்னு சொல்லிட்டு வந்தவன், இத எப்புடி ஊருக்குச் சொல்லுவேன்? வெக்கமா இருந்துச்சு. ஆனா பிள்ளைக ஓடியாந்து கட்டிப்புடிக்கிறப்ப சந்தோசமாத்தான் இருக்கு... விஜி? அழுவுறியா?

— சிரிக்கிறேன். இவ்வளவு நேரம் அடக்கி வச்சிருந்தேன்.

— அப்ப டிக்கெட்டு?

— டிக்கெட்டாவது ஒண்ணாவது! உங்க வாயாலயே வரட்டும்னு பாத்தேன்.

— உனக்கு எப்புடித் தெரியும்? யாரு சொன்னா?

— அங்க தேராவுல கடை வச்சிருக்குற நிஜாம் பாய் வீட்டு ஜொஹராக்கா லீவுல வந்தாங்க. அவங்க பிள்ளைக உங்க மால்ல கரடியோட நின்ன போட்டோவக் காட்டுனாங்க. அவங்களுக்கே அது யாருன்னு தெரியல. உங்களப் பாத்து மூணு வருசமான நம்ம பாப்பாதான், உங்களாட்டமே இடுப்புல கைய வச்சு நிக்கிற அந்தக் கரடியத் தொட்டு, “அம்மா, இது அப்பா!”ன்னா.