தொட்டா தெறக்கணும்

— மூடாத கதவுக்குத்தான் எல்லாரும் என்னக் கூப்புடுவாங்க. நீங்க இன்னாம்மா, தெறக்கணும் தெறக்கணும்னே சொல்லிக்கினு இருக்கீங்க?

— ஆமாண்ணா. மூடலன்னாலும் பரவால்ல. உள்ள இருக்கறவங்க ஒரு வெரல் வெச்சு இழுத்தா தெறந்துக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும்.

— உள்ளேருந்தா?

— உள்ளேருந்துதான்.

— சரி, காட்டுங்க. குனிஞ்சுதான் ஏறணும் போல... அடேங்கப்பா! வெளியேருந்து பாத்தா தகரப் பொட்டி. உள்ள அடுப்பு, கட்டிலு, பீரோன்னு ஒரு குடித்தனமே இருக்குதே! திண்டிவனத்துல ஆம்னி பஸ்ஸுக்கு உள்வேல பாக்கறவன் நானு. சினிமாக்காரங்க கேரவன் கூட பண்ணியிருக்கேன். ஜீப்புக்குப் பின்னால கட்டி இழுக்கற வூட்ட இப்பத்தான் பாக்கறேன்.

— எங்க வீட்டுக்காரரு சொந்தக் கையால கட்டினது. இந்த ஓமந்தூர்ல இதுக்குப் பேரே வண்டி வூடுதான். லீவு விட்டா என்னையும் பொண்ணையும் ஊர் ஊரா கூட்டிக்கினு போகணும்னு ஆச.

— சாரு எங்க? வேலைக்கா?

— அடைக்கலராஜ்னு பேரு. வெளக்கு வெக்கற நேரத்துக்கு வந்துருவாரு. அதுக்குள்ள நீங்க முடிச்சிரணும்ணா.

— முடிச்சிரலாம். வந்தாருன்னா அவருகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கலாம். கையால கட்டின மனுசனுக்கு மத்தவன் வேல பாத்தா சுள்ளுன்னு இருக்கும். இதானே படுக்கற ரூமு கதவு?

— இதான்.

— யப்பா! பேஜாரு புடிச்ச கதவா இருக்குதே. தோள் குடுத்துத் தள்ள வேண்டியிருக்குது. பாருங்க, மேல் கீல்ல ஸ்க்ரூ எல்லாம் பல்லு மாதிரி ஆடுது. மேல லூசு ஆனதும் கதவு தொங்கிடுச்சு. தொங்கினதும் அடியில தரையக் கவ்விக்கிச்சு. எந்த ரோட்ல இழுத்துக்கினு போனீங்க இத?

— மண்டகப்பட்டு. குகைக் கோயில் பாக்கணும்னு பொண்ணு ஜெர்லின் கேட்டா. வர்ற வழியில ஒரே பள்ளம். அன்னைக்கே அவ சொன்னா, கதவு புடிக்குதுப்பான்னு. ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்னாரு.

— எல்லா வூட்லயும் அதே ஞாயித்துக்கெழமதாம்மா. கீலும் சின்னதா போட்டுட்டாரு. இது ஜன்னலுக்குப் போடறது. நிக்கற வூட்டுக்கே பத்தாது, ஓடற வூட்டுக்கு எப்டி தாங்கும்? பழைய ஓட்டையில தீக்குச்சி ஒடிச்சுப் போட்டு, பசை வெச்சு அடைச்சிட்டு, நீள ஸ்க்ரூவா ஏத்திடறேன். ரெண்டு கீலு இருந்த எடத்துல மூணு. பேரிங் வெச்சது, துரு புடிக்காது. அடிய லேசா எழைச்சு வுட்டா, ஊதினாலே தெறந்துக்கும்.

— நெசமாவா?

— பச்சைமுத்து கை வெச்ச கதவு திரும்பி ரிப்பேருக்கு வந்ததே இல்லம்மா. அந்த முக்காலிய இப்டி தள்ளுங்க. பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்குதா?

— விழுப்புரத்துல, என் தங்கச்சி வீட்ல இருக்கா. இந்தக் கதவு சரியாகற வரைக்கும் இந்தப் பக்கமே வரமாட்டேன்னுட்டா.

— கதவுக்குப் பயந்துக்கினா?

— சத்தத்துக்கு. சாயங்காலமானா சத்தம் வருது. காதப் பொத்திக்கினு கத்துவா. அவ இல்லாத வீட்ல எனக்கு சோறு எறங்கலண்ணா. இன்னைக்கு இது சரியாச்சுன்னா நாளைக்கே பஸ் ஏறிப் போயி கூட்டிக்கினு வந்துருவேன். அதான் உங்கள இப்டி அரிச்சு எடுக்கறேன்.

— காத்துல கதவு அடிக்கற சத்தமா இருக்கும். கொழந்த பயந்துக்கினு இருக்குது. இனிமே அடிக்காது. தோ, கதவு கையோட வந்துருச்சு. புடிங்க அந்தப் பக்கம். அப்டியே சாய்ச்சு வைங்க... இது இன்னாம்மா?

— எது?

— கதவுக்கு உள்பக்கம். கீலு ஓரமா கீறிக் கீறி வெச்சிருக்குது. நாய் வளத்தீங்களா?

— இல்ல.

— ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்குது. காசு வெச்சுத் திருகிப் பாத்தா மாதிரி.

— அவருதான். அவரே கழட்டப் பாத்தாரு.

— வண்டியையே கட்டின மனுசன் காசு வெச்சா கழட்டுவாரு? ஸ்க்ரூ ட்ரைவர் இல்லியா?

— டூல்ஸ் பை வெளிய இருந்துச்சுண்ணா.

— எறங்கி எடுத்துக்கினு வர சோம்பேறித்தனமா? நல்லா இருக்குது போங்க.

— டீ எடுத்துக்கோங்க. ஆறிடும்.

— வைங்க. நீங்க டீச்சரா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றீங்க, அதான் கேக்கறேன்.

— ஆமா, திண்டிவனத்துல. எங்க வீட்டுக்காரரு கிண்டலுக்கு என்ன டீச்சரம்மான்னுதான் கூப்டுவாரு. வெனிலான்ற என் பேரு அவரு வாயில வந்ததே இல்ல. வேற யாராவது அப்டி கூப்ட்டா எனக்குக் கோவம் வந்துரும்.

— அப்ப நான் கூப்டலம்மா. எனக்கு வாய்ச்சவளும் அப்டித்தான். நான் பாஞ்சாலின்னு கூப்ட்டா, கடன்காரன் கூப்டறா மாதிரி இருக்குதுன்னு திட்டுவா. அவளுக்கு என் வேலையில ஒரு வெசயம் புடிக்காது. கதவ மாட்டி முடிச்சா தெறந்து மூடிப் பாத்துட்டு, 'வர்றேன்டா'ன்னு அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் எறங்குவேன். பஸ்ஸா இருந்தாலும் சரி, பங்களாவா இருந்தாலும் சரி. 'கதவுதான் ஒனக்கு சொந்தக்காரன், அதுங்கூடவே குடும்பம் நடத்து'ன்னுவா.

— இங்க அது வேணாம்ணா.

— எது?

— சொல்றது. அப்பறமா சொல்றேன், மொதல்ல முடிங்க. பொழுது எறங்குது.

— முடிஞ்சுதும்மா, முடிஞ்சுது. தூக்குங்க கதவ. ஆங்... அப்டியே. மேல் கீலு ஒக்காந்துச்சு. நடு கீலு... கீழ... ஊசிய எறக்கிட்டேன். அந்த சுத்திய குடுங்க. இன்னாச்சு மேல் ஊசிக்கு? யம்மா, நீங்க தொட்டீங்களா?

— எத?

— கீலு நடுவுல எறங்கற ஊசி. இப்பத்தான் தட்டி எறக்கினேன். பாதி மேல வந்து நிக்குது.

— நான் இங்கேருந்து நகரவே இல்லியே.

— சரி, தட்டலாம். உள்ள போ. ம்... இப்ப போச்சு. புதுசு இல்லியா, எண்ண வழுக்கியிருக்கும். கீழது... தோ பாருங்கம்மா! கீழதும் ஏறி நிக்குது! நான் தட்றேன், உள்ள எவனோ ஒக்காந்து தூக்கி வுடறா மாதிரி இருக்குது.

— அண்ணா, நிறுத்தாதீங்க. தட்டுங்க. கொஞ்ச நேரந்தான் இருக்குது.

— ஏம்மா வெளியவே பாத்துக்கினு இருக்கீங்க?

— தட்டுங்கண்ணா.

— தட்டிட்டேன். ஊசி தலைய மடக்கி வுட்டுட்டேன், இனிமே வராது. இப்ப பாருங்க. ஃபூ... பாத்தீங்களா? ஊதினேன், தெறந்துக்குச்சு! சத்தம் கேட்டுச்சா? வெண்ணையில கத்தி எறங்கறா மாதிரி போவுது. கொழந்த வந்து தொட்டுப் பாக்கட்டும், சிரிக்கும்.

— உள்ளேருந்து இழுத்துப் பாக்கறீங்களா? வெரலால.

— உள்ள போறேன். மூடறேன். ம்... வெரலு வெக்கறேன். வந்துருச்சு! போதுமா?

— போதும். ஆண்டவரே... போதும்ணா. வெளிய வாங்க. ஜல்தியா வெளிய வாங்க.

— வரேன், வரேன். பைய கட்டணும் இல்ல... கதவ நீங்க மூடினீங்களா?

— இல்ல.

— தெறந்து வெச்சுட்டுத்தானே திரும்பினேன். ரசமட்டம் வெச்சுப் பாத்தேனே, வண்டி நேராத்தான் நிக்குது. தானா மூடறதுக்கு வழியே இல்ல. காத்தும் இல்ல.

— நேரம் ஆயிருச்சு. அதான்.

— இருங்க... தட்டற சத்தம் கேக்குதா? ஊர்ல யாரோ சுத்தியால அடிக்கறாங்க.

— ஊர்ல இல்லண்ணா.

— பக்கத்துலதான் கேக்குது. யம்மா... இது... இந்த ரூமுக்குள்ள கேக்குது. நான் இப்பத்தானே வெளிய வந்தேன். உள்ள யாரும் இல்லியே! கட்டிலுக்கு அடியில வுழுந்த ஸ்க்ரூவ கூட குனிஞ்சு எடுத்தேனே!

— நான்தான் சொன்னேனே. வெளக்கு வெக்கற நேரத்துக்கு வந்துருவாருன்னு.

— யம்மா. ஒங்க வூட்டுக்காரரு...

— போன கோடையில, லீவு விடறதுக்கு முன்னாடி. மத்தியானம் ஏசி போட்டுக்கினு இங்க படுத்தாரு. ஜெனரேட்டர் பொகை வண்டிக்கு அடியில தேங்கி உள்ள ஏறிடுச்சு. மூச்சு முட்டி எழுந்து கதவ இழுத்திருக்காரு. தொங்கின கதவு தரையக் கவ்விக்கிச்சு. கையில இருந்த காச வெச்சு ஸ்க்ரூவத் திருகியிருக்காரு. தட்டியிருக்காரு. நல்லா தட்டியிருக்காருண்ணா. தெருவே கேட்டுச்சு. எப்பப் பாத்தாலும் எதையாவது தட்டிக்கினே இருக்கற மனுசன் இல்ல? வண்டி வேல பாக்கறாருன்னு அவங்கவங்க வேலையப் பாத்தாங்க. நான் ஸ்கூல்ல இருந்தேன்.

— முருகா... எனக்கு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?

— சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?

— வந்திருக்க மாட்டேன்.

— ஃபாதர் வந்து ஜெபம் பண்ணாரு, மந்திரிச்ச தண்ணி தெளிச்சாரு. நிக்கல. கதவையே கழட்டி வெச்சுப் பாத்தேன். அதுக்கு சொவத்த தட்ட ஆரம்பிச்சுட்டாரு. அவருக்குத் தெறக்கறதுக்கு ஒரு கதவு வேணும். அவரு கையால தெறக்கணும்.

— வண்டிய வித்துத் தொலைக்கலாமே.

— அவர உள்ள வெச்சுக்கினு யாருக்கு விப்பேன்?

— கோவிச்சுக்காதீங்கம்மா. நான் எறங்கறேன்.

— எறங்குங்க. ஆனா ஒண்ணு. அடக்கம் முடிஞ்சு எல்லாரும் முறையா சொல்லாமத்தான் போனாங்க. பக்கத்து வீட்டு தேவநாதன் அண்ணன் மட்டும் பழக்கதோசத்துல, 'போயிட்டு வர்றேம்மா'ன்னுட்டாரு. எழவு வீட்ல சொல்ற வார்த்தையா அது? போனவங்க காதுல வுழுந்தா திரும்பி வர வழி ஆயிராதா? அன்னைக்கு சாயங்காலந்தான் மொத மொதல்ல தட்டினாரு. அதனால என்கிட்டயும் சொல்லாதீங்க, கதவுகிட்டயும் சொல்லாதீங்க. சொல்லாம போங்க.

— புரியுதும்மா. வாயே தெறக்கல.

— நின்னுருச்சு.

— ஆமா. தட்டல.

— கதவப் பாருங்க.

— தெறக்குது... யம்மா, தெறக்குது. கொஞ்சம் கூட சத்தம் இல்ல.

— நகந்து நில்லுங்கண்ணா. வழி விடுங்க. அவரு அகலமான ஆளு.

— மருக்கொழுந்து வாசன வருது.

— அவரு பவுடரு.

— படி! படி அமுங்குது பாருங்க! வண்டி ஒரு பக்கமா தாழ்ந்து நிமிந்துச்சு. ஆளு எறங்கினா ஆடுமே, அதே ஆட்டம்.

— போயிட்டாரு. அண்ணா, போயிட்டாரு! தெறந்துக்கினு போயிட்டாரு! ஜெர்லினுக்கு போன் பண்ணணும். இன்னைக்கே வரச் சொல்லணும். எனக்கு அழுகையா வருது, சிரிப்பும் வருது, இன்னா பண்றதுன்னே தெரியல.

— அழுவுங்கம்மா. நல்லா அழுவுங்க. அப்பால பொண்ணுக்குப் புடிச்சத ஆக்கிப் போடுங்க. மூணு கீலு போட்டுருக்கேன், ஆயுசுக்கும் தொங்காது.

— ஆண்டவரு ஒங்கள நல்லா வெச்சிருக்கணும். ஒங்க கைக்கு மோதரம் போட்டாலும் தகும்ணா.

— இருக்கட்டும்மா. கண்ணத் தொடைங்க. பைய எடுத்துக்கினேன், செருப்பு கீழ இருக்குது. ஒடம்ப பாத்துக்கோங்க. வர்றேன்.

— அண்ணா!

— ஐயையோ... யம்மா, வாயில வந்துருச்சு. நான் வேணும்னு சொல்லலம்மா.

— பேசாதீங்க. வாய மூடுங்க.

— அவரு தூரம் போயிருப்பாரும்மா. அவரு காதுல வுழுந்திருக்காது.

— சரி டீச்சரம்மா, நானும் போயிட்டு வர்றேன்.